ஈபே கமிஷன் கட்டுபடியாகுமா?

அமெரிக்காவில் வீடு மாறும்போதும், ஒரேயடியாக ஊருக்குத் திரும்பும்போதும் எல்லாக் குடும்பத்திலும் இந்தப் பேச்சு வரும். அலமாரியில் ஒரு பழைய நிக்கான் லென்ஸ், பையன் விளையாடி முடித்த லெகோ டப்பாக்கள், சோபா, கிரைண்டர், இரண்டு பெட்டி புத்தகம். ஈபேயில் ஏலம் விட்டால் நல்ல விலைக்குப் போகும் என்பார் ஒருவர். வருவதில் பாதியைக் கமிஷனாக எடுத்துக்கொள்வார்கள், பேசாமல் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் போடு என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சில சாமான்களுக்குச் சரிதான். எந்தச் சாமானுக்கு யார் பேச்சைக் கேட்பது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கமிஷன் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் அறிவித்திருக்கும் சதவீதம் ஒன்று, கையை விட்டுப் போகும் சதவீதம் வேறொன்று. 2025 பிப்ரவரியில் ஏற்றிய விகிதப்படி, மாதச் சந்தா கட்டிக் கடை வைக்காத சாதாரண ஆள் அமெரிக்க ஈபேயில் விற்றால், பெரும்பாலான பொருள்களுக்கு 13.6 சதவீதம். புத்தகம், சினிமா டிஸ்க் என்றால் 15.3. இதற்கு மேல் ஆர்டர் ஒன்றுக்கு 40 சென்ட். மொத்தம் 10 டாலருக்குள் என்றால் 30 சென்ட். மாதம் 250 பொருள் வரை பட்டியலில் போடக் காசு இல்லை. வீட்டுச் சாமான் விற்பவர் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை.

இந்த 13.6 எதன் மேல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பொருளின் விலை மேல் மட்டும் இல்லை. வாங்குபவர் கட்டும் மொத்தத் தொகையின் மேல்: தபால் செலவு சேர்த்து, மாநில விற்பனை வரியும் சேர்த்து. அந்த வரிப் பணம் உங்கள் கைக்கு வரவே வராது, ஈபே நேராக மாநிலத்துக்குக் கட்டிவிடும். ஆனாலும் அதற்கும் சேர்த்துக் கமிஷன் உங்களிடம் பிடிப்பார்கள்.

ஒரு லென்ஸ் 120 டாலருக்கு ஏலம் போனதாக வைத்துக்கொள்வோம். தபாலுக்கு 12 டாலர். வாங்கியவர் நியூஜெர்சிக்காரர், அங்கே விற்பனை வரி 6.625 சதவீதம். அவர் கட்டுவது 140 டாலர் 75 சென்ட். இதில் 13.6 சதவீதமும் அந்த 40 சென்ட்டும் சேர்ந்தால் 19 டாலர் 54 சென்ட். தபாலுக்கு வாங்கிய 12 தபாலுக்கே போய்விடும். மிஞ்சுவது 100 டாலர் 46 சென்ட். ஆக, லென்ஸ் விலையில் 16 சதவீதத்துக்கு மேல் போயிருக்கிறது. குமிழ் உறை, அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் தனி.

சின்னப் பொருளில் இது இன்னும் கசக்கும். 8 டாலருக்கு ஒரு புத்தகம், தபாலுக்கு 5 டாலர், அதே வரி. கமிஷன் 2 டாலர் 52 சென்ட். புத்தக விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! 'பாதி போய்விடும்' என்று சொன்னவர் அவ்வளவு மிகைப்படுத்தவில்லை. அவர் விற்றுப் பார்த்தது இந்த மாதிரி ஏதாவது சின்னப் பொருளாக இருக்கும்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கமிஷனுக்குள் கிரெடிட் கார்டு, பணப் பரிமாற்றச் செலவும் அடங்கிவிடுகிறது. பணம் கட்ட உதவும் பேபால் நிறுவனத்தை ஈபே 2002இல் வாங்கி 2015இல் பிரித்துவிட்டது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஈபேக்கு ஒரு கமிஷன், பேபாலுக்கு ஒரு கமிஷன் என்று விற்பவர்கள் இரண்டு இடத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். இப்போது ஒரே இடத்தில்.

கமிஷன் வாங்கித் தருவது யாரை?

ஈபே ஏலத்தில் விலை எப்படி நிற்கிறது என்று பார்த்தால், கமிஷன் எதற்கு என்பது புரிந்துவிடும். ஏலம் கேட்பவர் தன்னால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்று ஒரு தொகையைப் போட்டுவைக்கிறார். அதை ஈபே யாருக்கும் காட்டாது. மற்றவர்கள் ஏற்ற ஏற்ற, அவர் சார்பில் தேவையான அளவுக்கு மட்டும் ஏற்றிக்கொண்டே போகும். லென்ஸுக்கு ஒருவர் 180 வரை போட்டிருக்கிறார், அடுத்தவர் 117 டாலர் 50 சென்ட் வரை போட்டிருக்கிறார் என்றால் லென்ஸ் 120க்கு முடியும். இரண்டாவது ஆளின் தொகை, அதன் மேல் ஒரு படி. 100 முதல் 250 டாலர் வரை அந்தப் படி இரண்டரை டாலர். முதல் ஆள் 180 போட்டாலும் 500 போட்டாலும் உங்களுக்கு ஒன்றும் கூடாது. பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961இலேயே இப்படிப்பட்ட ஏலத்தை ஆராய்ந்து எழுதினார். அவருக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தபோது ஈபே தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

ஆக, ஏலத்தில் உங்கள் விலையை வைப்பவர் தோற்றுப்போகும் அந்த இரண்டாவது ஆள்தான். அவர் வராவிட்டால் நீங்கள் வைத்த ஆரம்ப விலைக்கே பொருள் போய்விடும். 99 சென்ட்டில் தொடங்கியிருந்தால் 99 சென்ட்டுக்கே. என்னைக் கேட்டால் ஈபே கமிஷன் என்பது இந்த இரண்டாவது ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரக் கொடுக்கும் தரகு. இனி கேள்வி சுலபமாகிவிடும். அந்த ஆள் உங்கள் ஊரிலேயே இருக்கிறாரா? இருந்தால் எதற்குத் தரகு? ஓஹையோவில் ஒருவர், ஓரிகனில் ஒருவர் என்று சிதறிக் கிடந்தால் 16 சதவீதம் மலிவு.

கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 110 வோல்ட்டில் ஓடும் டேபிள் டாப் வெட் கிரைண்டர். ஈபேயில் போட்டால் அந்தக் கல்லின் கனத்துக்குத் தபால் செலவே வாங்குபவரை விரட்டிவிடும். வழியில் கல் உடைந்தால் அந்த வழக்கு வேறு. அதையே நம்மவர்கள் நிறைய இருக்கும் நியூஜெர்சி எடிசன் பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். 'நான் எடுத்துக்கறேன்' என்று ஒருவர், 'அவங்க வேண்டாம்னா எனக்குச் சொல்லுங்க' என்று அடுத்தவர், சாயங்காலமே வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டாவது ஆள் இரண்டு பிளாக் தள்ளி இருக்கிறார். கமிஷன் பூஜ்யம். இட்லித் தட்டு, பிரஷர் குக்கர், சாமி அலமாரி, நம் ஊர்த் துணி எல்லாம் இந்த வகைதான். வாட்ஸ்அப் குழுவில் ஒரே தொல்லை, தெரிந்தவர்களிடம் கறாராக விலை பேச முடியாது. 'ஊருக்குத்தானே போறீங்க, எதுக்கு இவ்ளோ சொல்றீங்க' என்று அக்கா ஒருவர் கேட்டுவிட்டால் பத்து டாலர் இறங்கத்தான் வேண்டும். அது கமிஷன் கணக்கில் வராத கமிஷன்.

சோபா, சாப்பாட்டு மேஜை, கட்டில்: யோசிக்கவே வேண்டாம், மார்க்கெட்பிளேஸ் அல்லது கிரெய்க்ஸ்லிஸ்ட் விளம்பரத் தளம். நேரில் வந்து எடுத்துப்போகும் விற்பனைக்கு இரண்டிலும் கட்டணம் இல்லை. ஈபேயில் 'நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும்' என்று போட்டாலும் கமிஷன் உண்டு. வேனில் ஏற்றி வர முடிந்தவர் மட்டும் வாங்கப்போகும் பொருளை நாடு முழுக்கக் காட்டி என்ன பயன்?

லென்ஸ் அப்படியில்லை. பழைய மேனுவல் ஃபோகஸ் நிக்கான் லென்ஸ் வேண்டும் என்று நினைப்பவர் உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் பெரிது. அவர் ஒருவர் மட்டும் இருந்தால் பேரம் அவர் கையில். நாடு முழுக்கப் பார்த்தால் அப்படிப்பட்டவர்கள் நிறைய பேர், அதுவும் விலை தெரிந்தவர்கள். தயாரிப்பு நின்றுபோன லெகோ பெட்டி, ஃபவுண்டன் பேனா, பழைய ஃபிலிம் கேமரா, நாணயம், தபால்தலை, இனி எங்கும் கிடைக்காத மிஷின் பாகம் எல்லாம் இப்படித்தான். ஈபேயை 1995இல் தொடங்கிய பியர் ஒமிட்யார் முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் பாயின்டரை, 14 டாலர் 83 சென்ட்டுக்கு. உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று வாங்கியவரிடம் கேட்டாராம். உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேகரிக்கிறேன் என்று பதில் வந்ததாம். அப்படிப்பட்ட ஆளை மார்க்கெட்பிளேஸில் உங்கள் வீட்டைச் சுற்றிப் பத்து மைலுக்குள் தேடிப் பாருங்கள்.

நடுவில் சில விஷயங்கள் மாட்டும். பாட்டி வீட்டுப் பித்தளை உருளி கனம்தான், ஆனால் உடையாது. அமெரிக்கத் தபால் துறையின் ஃப்ளாட் ரேட் பெட்டிக்குள் அடங்கிவிட்டால், உள்நாட்டில் 70 பவுண்டு வரை அந்தப் பெட்டிக்கு ஒரே கட்டணம். உருளியில் பூச்செடி வைக்க ஆசைப்படும் வெள்ளைக்காரர்கள் நிறைய உண்டு. எனக்குக் கேட்டாலே வயிறு எரிகிறது, ஆனால் அவர்கள் கொடுக்கும் விலை வாட்ஸ்அப் குழுவில் கிடைக்காது.

எங்கே சமமாகும்?

மேலே போட்ட லென்ஸ் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் கையில் வைத்துக்கொள்ள ஓர் அளவு கிடைக்கிறது. ஈபேயில் 120க்குப் போனால் கைக்கு 100 வருகிறது. அதனால் உள்ளூரில் ஒருவர் ரொக்கமாக 100 கொடுக்கிறார் என்றால், ஈபேயில் 120க்கு மேல் போகும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அங்கே போக வேண்டும். பெட்டி கட்டும் நேரத்தையும் தபாலாபீஸ் நடையையும் சேர்த்தால் 130 என்று வையுங்கள். 20 டாலருக்குக் குறைந்த பொருளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், உள்ளூரிலேயே தள்ளிவிடலாம்.

ஈபேயில் எவ்வளவு போகும் என்று எப்படித் தெரியும்? பட்டியலில் இருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். அது விற்பவரின் ஆசை. தேடல் பக்கத்தில் 'சோல்டு ஐட்டம்ஸ்' என்ற வடிகட்டியைப் போட்டால் உண்மையில் விற்ற விலைகள் வரும். விற்பனையாளர் கணக்கு இருந்தால் டெராபீக் என்ற கருவியில் இன்னும் பழைய விற்பனைகளையும் பார்க்கலாம். விலையோடு எத்தனை முறை ஏலம் கேட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஏலத்தில் முடிந்த பொருள்களுக்குக் கீழே ஏழு, பத்து, பதினைந்து என்று இருந்தால் இரண்டாவது ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒன்று, ஒன்று, இரண்டு என்று இருந்தால் ஏலம் விடாதீர்கள்.

ஏலம் விடாதீர்கள் என்றால் ஈபே வேண்டாம் என்று அர்த்தமில்லை. அங்கேயே நிலையான விலை போட்டு, பேரத்துக்கு இடம் விட்டு விற்கலாம், கமிஷன் அதேதான். ஒரு காலத்தில் ஈபே என்றாலே ஏலம்தான், இப்போது அங்கே நடக்கும் விற்பனையில் பெரும்பகுதி நிலையான விலையில்தான். விலை தெரிந்த பொருளுக்கு, அவசரம் இல்லாத ஆளுக்கு, அதுவே மேல். அரிதாகத் தேடுபவர் வரும்வரை பொருள் காத்திருக்கும். ஏலத்துக்கு இரண்டு சந்தர்ப்பம் பொருந்தும். ஒன்று, என்ன விலை சொல்வது என்றே உங்களுக்குத் தெரியாத பொருள், கூட்டம் சொல்லட்டும். இன்னொன்று, விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஏழு நாளில் போயாக வேண்டும்.

குறைந்தபட்ச ரகசிய விலை வைக்கும் வசதியும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணம், பொருள் விற்காவிட்டாலும் அது திரும்ப வராது. வீட்டுச் சாமானுக்கு அது வீண். அதற்குப் பதில் ஆரம்ப விலையையே நீங்கள் தாங்கக்கூடிய தொகையாக வைத்துவிடலாம்.

நம் ஊரில் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று இழுத்து, இன்னும் யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் 'மூணு தரம்' வரும். ஈபேயில் அந்தத் தயவு கிடையாது. குறித்த நொடியில் முடிந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடைசிச் சில நொடி வரை பதுங்கியிருந்துதான் கேட்பார்கள். ஆறு நாளாக 30 டாலரிலேயே நிற்கிறதே என்று பயந்து, நடுவில் மெசேஜ் அனுப்பி '60க்கு இப்போதே கொடுங்கள்' என்பவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவர் அப்படிக் கேட்பதே கடைசி நிமிடத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்துதான். ஏலம் ஞாயிறு இரவு கிழக்குக் கரை நேரம் ஒன்பது மணிக்கு முடியும்படி வைத்தால், மேற்குக் கரையில் மணி ஆறு. இரண்டு பக்கமும் ஆள் விழித்திருப்பார்கள்.

மற்ற செயலிகள்

போஷ்மார்க்கில் 15 டாலருக்கு மேல் 20 சதவீதம். நல்ல பிராண்டு துணி, கைப்பை தவிர வேறு எதற்கும் அங்கே போகக் காரணம் இல்லை. மார்க்கெட்பிளேஸிலேயே பார்சலில் அனுப்பி விற்றால் 10 சதவீதம். 2024 ஏப்ரல் வரை அது 5ஆக இருந்தது. மெர்காரி கதை சுவாரசியமானது. 2024 மார்ச்சில் விற்பவருக்குக் கட்டணமே இல்லை என்று அறிவித்துவிட்டு, சுமையை வாங்குபவர் பக்கம் தள்ளினார்கள். 2025 ஜனவரியில் விற்பவருக்குப் 10 சதவீதம் மறுபடி வந்துவிட்டது.

விற்பவருக்குக் கட்டணம் இல்லை என்பதைப் பிரிட்டனில் ஈபேயே செய்தது. 2024 அக்டோபரிலிருந்து அங்கே தனிநபர் விற்றால், வாகனங்கள் தவிர மற்றவற்றுக்குக் கமிஷன் இல்லை. ஜெர்மனியில் 2023 மார்ச்சிலேயே வந்துவிட்டது. லண்டனில் இருக்கும் நண்பர்கள் இதைச் சொல்லி நம்மைச் சீண்டுவார்கள். அவர்களிடம் 2025 பிப்ரவரியைப் பற்றிக் கேளுங்கள். அன்றிலிருந்து வாங்குபவரிடம் 'பாதுகாப்புக் கட்டணம்' என்று ஒன்று வாங்குகிறார்கள். வாங்குபவர் தன் பையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகிறது என்றுதான் பார்ப்பார். கட்டணம் கூடினால் கேட்கும் விலையைக் குறைப்பார். பெயர் மாறியிருக்கிறதே தவிர, ஒரு பகுதி விற்பவர் தலையில்தான் வந்து விழுகிறது. இருந்தாலும் அமெரிக்காவின் 16 சதவீதத்தோடு ஒப்பிட்டால் அவர்கள் நிலைமை தேவலை. அதனால் மேலே சொன்ன 120க்கு 100 என்ற அளவு அங்கே பொருந்தாது, ஈபே பக்கம் இன்னும் தாராளமாகப் போகலாம்.

போட்டி இருக்கும் இடத்தில் கமிஷன் இறங்குவதை அமெரிக்க ஈபேக்குள்ளேயே பார்க்கலாம். கிட்டாருக்கு 6.7 சதவீதம்தான். 150 டாலருக்கு மேற்பட்ட ஸ்னீக்கருக்கு 8. உங்களிடம் கிட்டார் இருந்தால் அதிகம் யோசிக்காமல் ஈபேயில் போடலாம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, வசதியும் கிடையாது. 2000இல் தொடங்கிய பாஸி டாட் காமை 2004இல் வாங்கித்தான் ஈபே அங்கே நுழைந்தது. 2017இல் ஃபிளிப்கார்ட் கைக்கு மாறி, 2018 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். இப்போது ஓஎல்எக்ஸில் விளம்பரம் போட்டுவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கேமரா, லென்ஸ் போன்றவற்றை நேராக எடுத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கேஇஎச், பிரிட்டனிலிருந்து வந்த எம்பிபி இரண்டும் பெயர் பெற்றவை. விலை சொல்வார்கள், அனுப்பினால் பார்த்துவிட்டுப் பணம் போடுவார்கள். ஈபேயில் கைக்கு வருவதைவிடப் பொதுவாகக் குறைவுதான், ஏனென்றால் அவர்கள் அதைச் சுத்தம் செய்து, உத்தரவாதம் கொடுத்து, லாபம் வைத்து விற்க வேண்டும். ஆனால் ஐந்து லென்ஸ், இரண்டு கேமரா இருக்கிறது, பொறுமை இல்லை என்பவருக்கு அந்த வித்தியாசம் கொடுக்கத்தக்கதுதான்.

வம்புகளும் வரியும்

இலவசம் என்றால் காவலும் இல்லை. மார்க்கெட்பிளேஸில் 'இன்னும் இருக்கிறதா?' என்று பத்து பேர் கேட்பார்கள், வருகிறேன் என்றவர் வரமாட்டார். அது வெறும் எரிச்சல். ஸெல் என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவையில் பணம் அனுப்பிவிட்டேன் என்று போலி மின்னஞ்சல் அனுப்புபவர், உங்கள் ஃபோனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்பவர், நான் வர முடியாது ஆள் அனுப்புகிறேன் என்பவர்: இவர்கள் மோசடிக்காரர்கள். வங்கிச் செயலியில் பணம் வந்ததைக் கண்ணால் பார்க்காமல் பொருளைக் கொடுக்கக் கூடாது. பல ஊர்களில் காவல் நிலைய வாகன நிறுத்தத்திலேயே இப்படிப்பட்ட கைமாற்றத்துக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், கேமரா வைத்து.

ஈபேயிலும் நிம்மதி முழுசாக இல்லை. ஏலத்தில் ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாதவர்கள் உண்டு. நான்கு நாள் பார்த்துவிட்டு ரத்து செய்யலாம்; கமிஷன் போகாது. அப்போது தோற்ற இரண்டாவது ஆளுக்கு அவர் கேட்ட விலைக்கே கொடுப்பதாகச் சொல்லும் 'செகண்ட் சான்ஸ்' வசதி ஒன்று இருக்கிறது. பெரிய ஆபத்து திருப்பி அனுப்புவதில். பொருள் நீங்கள் சொன்னபடி இல்லை என்று வாங்கியவர் 30 நாளைக்குள் சொன்னால், 'ரிட்டர்ன் கிடையாது' என்று நீங்கள் போட்டிருந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், தபால் செலவும் உங்களுடையது. ஃபோன், லேப்டாப் போன்றவற்றில் இந்த வம்பு அதிகம் என்பதால் அவற்றை உள்ளூரில் நேருக்கு நேர் காட்டி விற்பதே நல்லது. லென்ஸ் என்றால் கண்ணாடியில் இருக்கும் ஒவ்வொரு தூசியையும் கீறலையும் படம் எடுத்துப் போட்டுவிடுங்கள். ஊருக்குத் திரும்புபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புதிய கணக்கில் விற்ற பணத்தை ஈபே சில காலம் நிறுத்திவைக்கும். கடைசி வாரத்தில் கணக்கு தொடங்கி விற்றால், ரிட்டர்ன் கேட்டு வரும் பெட்டியை வாங்க நீங்கள் இருக்கமாட்டீர்கள், சென்னையில் இருப்பீர்கள்.

கடைசியாக வரி. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, ஓராண்டில் 20,000 டாலருக்கு மேலும் 200 விற்பனைக்கு மேலும் போனால்தான், விற்ற தொகையை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும் 1099-கே படிவம் கட்டாயமாக வரும். இது மத்திய அரசின் எல்லை. நியூஜெர்சி மாதிரி சில மாநிலங்கள் 1,000 டாலரிலேயே கேட்கின்றன. படிவம் வந்துவிட்டதே என்று பதற வேண்டாம். 300 டாலருக்கு வாங்கிப் பயன்படுத்திய லென்ஸை 120க்கு விற்றால் அது வருமானம் இல்லை. அந்த நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. 80 டாலருக்கு வாங்கிய லெகோ பெட்டி 200க்குப் போனால் அந்த லாபத்துக்கு வரி உண்டு, ஈபே கமிஷனையும் தபால் செலவையும் கழித்துக்கொண்டு. அதற்காக, வாங்கிய பழைய பில்லையோ கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டையோ தேடி எடுத்து ஒரு கோப்பில் போட்டுவிட்டு ஏலத்தைத் தொடங்குங்கள்.